குட்டிச் சொற்கள்தான் கஷ்டம்: போலிஷ் பேசுபவர் உயர்நிலை ஆங்கிலச் சொற்களைக் கற்கும் வழி

போலந்தின் கிராக்கோவ் நகரில் என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி லண்டனில் இருந்த சக ஊழியருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். புதன்கிழமை கூட்டம் வைக்கலாம், தோதுப்படாவிட்டால் வெள்ளிக்கிழமையும் பார்க்கலாம் என்பதுதான் அவள் சொல்ல நினைத்தது. 'தோதுப்படாவிட்டால்' என்ற இடத்தில் 'ஈவென்ச்சுவலி' என்று போட்டுவிட்டாள். போலிஷில் 'எவென்துவால்னியே' என்றால் 'வேண்டுமானால், இல்லாவிட்டால்' என்று பொருள். ஆங்கில 'ஈவென்ச்சுவலி'க்கோ 'கடைசியில், ஒருவழியாக' என்று பொருள். கூட்டம் கடைசியில் வெள்ளிக்கிழமை என்று முடிவாகிவிட்டதாக லண்டன்காரர் எடுத்துக்கொண்டார். புதன்கிழமை இவள் மட்டும் திரையைப் பார்த்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அவள் ஆங்கிலம் மோசம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆங்கில நாவல்களைப் படிப்பாள். நான் அகராதியில் தேடுகிற சொல்லுக்கு யோசிக்காமல் பொருள் சொல்வாள். ஆனால் 'மழை பலமாகப் பெய்கிறது' என்று சொல்லத் தடுமாறுவாள். இது எப்படி என்று எனக்கு விளங்கவே இல்லை. இரண்டு வருடம் வாராவாரம் அவளோடு உட்கார்ந்து சொற்களைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. போலிஷ் பேசுபவருக்கு ஆங்கிலத்தின் நீளமான, படித்தவர் சொற்கள் பெரும்பாலும் சுலபம். அவை ஏற்கெனவே அவர் வீட்டில் இருக்கின்றன. கஷ்டமெல்லாம் 'புட்', 'அப்', 'ஆஃப்', 'மேக்' மாதிரி குட்டிச் சொற்களில்தான். இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. போலிஷ் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் அந்நிய மொழிச் சொற்களுக்கு 'ஸ்வூஃப்கா' என்று பெயர். நேர்ப் பொருள் 'குட்டிச் சொற்கள்' என்பதுதான்.

வேலை, படிப்பு, கல்யாணம் என்று போலந்துக்குப் போன நம்மவர்களிடம், 'என் ஆங்கிலத்தைக் கொஞ்சம் மேலே கொண்டுபோக உதவுவாயா?' என்று யாராவது ஒருவர் கேட்பது சகஜம். அப்படி முதல் தடவை ஒருவருக்கு உதவப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போலிஷ் உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எங்கே என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

முதலில், அவர் நிற்கும் இடம்

போலந்தில் பள்ளி இறுதித் தேர்வுக்கு 'மத்தூரா' என்று பெயர். அதில் ஆங்கிலத்தை விரிவான தாளாக எடுத்து நன்றாக எழுதியவர், ஐரோப்பியக் கவுன்சில் 2001-இல் வெளியிட்ட ஆறு படி அளவுகோலில் ஏறத்தாழ பி2 படியில், அதாவது கீழிருந்து நான்காம் படியில் இருப்பார். அந்தப் படியில் அன்றாட வேலை ஓடிவிடும். அதனாலேயே பலர் அங்கே வருடக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள்.

இன்னும் எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நியூசிலாந்தின் மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாவலையும் செய்தித்தாளையும் பிறர் உதவியில்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை. ஒரு சொல்லையும் அதிலிருந்து கிளைத்தவற்றையும் சேர்த்து ஒரு குடும்பம் என்று எண்ணுகிறார். நூறு சொல்லுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய அளவுகோல்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சுமார் 300 சொற்கள் உள்ள ஒரு கட்டுரைப் பகுதியைக் கொடுத்து, தெரியாத சொல்லுக்கு அடியில் கோடு போடச் சொல்லுங்கள். ஆறு கோட்டுக்குள் நின்றால் அந்த நூல் அவருக்குச் சரியான உயரம். இருபது கோடு விழுந்தால் இப்போதைக்கு எடுத்து வையுங்கள். அப்புறம் அந்தக் கோடுகள் எந்தச் சொற்களின்கீழ் விழுந்தன என்று பாருங்கள். என் தோழி கோடு போட்டவை எல்லாம் ஓரசை, ஈரசைச் சொற்கள்: தள்ளாடி நடப்பது, கால் தேய்த்து நடப்பது, மினுமினுப்பது, முணுமுணுப்பது. 'ஹைப்பொதெட்டிக்கல்' என்ற சொல்லைப் பார்த்ததாகக்கூட அவளுக்கு நினைவில்லை. அவ்வளவு இயல்பாகக் கடந்து போயிருந்தாள்.

கையில் இருக்கும் சொத்தை எண்ணுங்கள்

போலந்தில் பல நூற்றாண்டுகள் லத்தீன்தான் படிப்பின் மொழி. 1364-இல் தொடங்கிய கிராக்கோவ் பல்கலைக்கழகத்தில் பாடம் லத்தீனில்தான் நடந்தது. அங்கே படித்த கோப்பர்னிக்கஸ் தன் வானியலை எழுதியதும் லத்தீனில்தான். அதன் மிச்சம் இன்றைய அன்றாடப் போலிஷிலும் நிறைய இருக்கிறது. 'எலொக்வென்த்னி' என்பார்கள், ஆங்கில 'எலொக்வென்ட்' அதேதான். 'எஃபெமெரிச்னி' என்பது 'எஃபெமரல்'. 'லபிதார்னி' என்பது 'லாப்பிடரி', சுருக்கமாகவும் செறிவாகவும் சொல்வது. இந்தக் கடைசிச் சொல் ஆங்கிலமே தாய்மொழியாக உள்ள பலருக்குத் தெரியாது.

விகுதிகளைப் பிடித்துக்கொண்டால் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். போலிஷில் '-த்ஸ்யா' என்று முடிவது ஆங்கிலத்தில் பெரும்பாலும் '-ஷன்': த்ராதித்ஸ்யா, மொதிவாத்ஸ்யா. '-நோஷ்ச்' என்பது பல இடங்களில் '-இட்டி'. முதல் வாரம் அவருக்கு இதையே வேலையாகக் கொடுங்கள். ஒரு போலிஷ் செய்தித்தாளை எடுத்து, ஆங்கிலத்துக்கும் பொருந்தும் என்று தோன்றும் சொற்களையெல்லாம் எழுதட்டும். ஒவ்வொன்றையும் அகராதியில் சரிபார்க்கட்டும். போலந்தில் பலர் 'டிக்கி' என்ற இணைய அகராதியைத்தான் பார்க்கிறார்கள், அது போதும். ஆனால் பொருளை உறுதிசெய்ய ஆங்கிலத்திலேயே விளக்கம் தரும் ஒரு கற்போர் அகராதியும் பக்கத்தில் இருக்கட்டும்.

நியூசிலாந்திலேயே அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்து வெளியிட்ட கல்விச் சொற்பட்டியல் ஒன்று உண்டு. 570 சொற்குடும்பங்கள். பிற மொழிக்காரர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் பட்டியல் அது. போலிஷ்காரர் அதில் பெரும்பகுதியை ஓரிரு வாரத்தில் தாண்டிவிடுவார். அந்த ஊக்கம் ஆரம்பத்தில் மிகவும் தேவை.

இதோடு ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுங்கள். லத்தீன் சொற்கள் கையில் தாராளமாக இருப்பதால் அவர் எல்லா இடத்திலும் அவற்றையே போடுவார். தேநீர்க் கடையில் போய், 'தேநீர் அருந்த விழைகிறேன்' என்று சொன்னால் தமிழில் எப்படி இருக்கும்? நண்பருக்கு எழுதும் ஆங்கில மின்னஞ்சலில் 'கன்ட்டினியூ', 'டாலரேட்', 'போஸ்ட்போன்' என்று அடுக்கும்போது அப்படித்தான் ஒலிக்கிறது. அங்கே 'கேரி ஆன்', 'புட் அப் வித்', 'புட் ஆஃப்' வர வேண்டும்.

பொய் நண்பர்களைப் பிரித்து வையுங்கள்

இரண்டு மொழியிலும் ஒரே முகம், பொருள் மட்டும் வேறு என்றிருக்கும் சொற்களை 'பொய் நண்பர்கள்' என்பார்கள். இணையத்தில் இருநூறு, முந்நூறு என்று பட்டியல் கிடைக்கும். அதை உருப்போடச் சொல்லாதீர்கள். எல்லாம் ஒரே எடையில் இல்லை.

சில, ஒரு தடவை கேட்டாலே மறக்காது. போலிஷில் 'ப்ரெஸெர்வதீவா' என்றால் ஆணுறை. ஆங்கிலத்தில் 'ப்ரிசர்வேட்டிவ்' என்றால் உணவு கெடாமல் இருக்கச் சேர்ப்பது. மனப்பாடம் செய்ய எழுதி வைத்துத் திருப்பிப் பார்க்கும் அட்டை இதற்குத் தேவையே இல்லை. 'கொலாத்ஸ்யா' இரவுச் சாப்பாடு, 'ரெதாக்த்ஸ்யா' பத்திரிகை ஆசிரியர் குழு, இவையும் அப்படித்தான். விகுதி விதி இங்கே உடைகிறது என்று காட்ட இந்த இரண்டையும் சொன்னால் போதும்.

சில ஆபத்தானவை. போலந்தில் ஒருவர் 'அங்கீனா' வந்து மூன்று நாள் படுத்திருந்தேன் என்றால் அவருக்குத் தொண்டை அழற்சி. அதையே ஆங்கில மருத்துவரிடம் 'ஆஞ்சைனா' என்று சொன்னால் அவர் நெஞ்சுவலி என்று எண்ணி இதயத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். வெளிநாட்டுக்குக் குடிபோகிறவருக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது மூன்றாம் வகையைப் பற்றித்தான். தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கேட்பவர் வேறு பொருளை எடுத்துக்கொண்டு அமைதியாகப் போய்விடுவார். 'கொம்ப்லெக்சோவி' என்றால் போலிஷில் 'எல்லாவற்றையும் உள்ளடக்கிய, முழுமையான'. அதை 'காம்ப்ளெக்ஸ்' என்று மாற்றி, 'நாங்கள் சிக்கலான சேவை தருகிறோம்' என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்ளும் விளம்பரங்களைப் பார்த்திருக்கிறேன். 'கொன்செக்வென்த்னியே' என்றால் 'விடாமல், ஒரே சீராக'. ஆங்கில 'கான்சிக்வென்ட்லி' என்றால் 'அதன் விளைவாக'. 'அதெப்த்' போலிஷில் இப்போதுதான் கற்கத் தொடங்கிய மாணவர். ஆங்கிலத்தில் 'அடெப்ட்' கைதேர்ந்தவர். நேர் எதிர்! 'பராகோன்' போலந்துக் கடையில் தரும் ரசீது. ஆங்கில 'பாரகன்' ஒரு நற்குணத்துக்கே இலக்கணமாக இருப்பவர்.

இவற்றுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரே அட்டையில் இரண்டு வாக்கியம். மேலே போலிஷ் வாக்கியமும் அதற்குச் சரியான ஆங்கிலமும்: 'பராகோன் வேண்டுமா?' என்று கடைக்காரர் கேட்கிறார், ஆங்கிலத்தில் 'ரெசீட்'. கீழே அந்த ஆங்கிலச் சொல் உண்மையில் வரும் வாக்கியமும் அதன் போலிஷ் பொருளும்: 'அவர் பொறுமைக்கே பாரகன்', போலிஷில் 'உஸூர்'. இரண்டில் ஒன்றை மட்டும் எழுதினால் பழைய பொருள் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு கதவையும் காட்டினால்தான் எது எங்கே போகிறது என்று மனம் பிரித்துக்கொள்கிறது.

ஒரு போலிஷ் சொல், இரண்டு ஆங்கிலச் சொல்

இந்த இடத்தில் தமிழ் பேசும் நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. போலிஷ் 'ரெங்கா' என்றால் கை, தோள் முதல் விரல் வரை. நம் 'கை' மாதிரியே. ஆங்கிலம் அதை 'ஹேண்ட்', 'ஆர்ம்' என்று வெட்டுகிறது. 'நோகா' நம் 'கால்', 'பாலெத்ஸ்' நம் 'விரல்'. 'சென்' என்றால் நிழல். நமக்கும் அவர்களுக்கும் மரத்தின் நிழலும் மனிதனின் நிழலும் ஒன்றுதான், ஆங்கிலத்துக்கு 'ஷேட்' வேறு, 'ஷேடோ' வேறு. நமக்குப் 'பாதுகாப்பு' என்று ஒரே சொல் இருப்பது போல அவர்களுக்கு 'பெஸ்பியெசென்ஸ்த்வோ' ஒன்று. ஆங்கிலத்தில் 'சேஃப்டி', 'செக்யூரிட்டி' இரண்டு. நாம் எங்கே தடுமாறினோம் என்று நினைத்துப் பார்த்தாலே அவருக்குச் சொல்லிக்கொடுக்க வந்துவிடும்.

நம்மிடம் இரண்டாக இருந்து அவர்களிடம் ஒன்றாக இருப்பதும் உண்டு. 'பொலிதிகா' என்ற ஒரே சொல்தான் அரசியலுக்கும் கொள்கைக்கும். அதனால் 'எங்கள் நிறுவனத்தின் விடுப்பு பாலிட்டிக்ஸ்' என்று எழுதுவார்கள். 'நவூகா' என்பது இயற்பியலுக்கும் இலக்கிய ஆராய்ச்சிக்கும் பொது. அதனால் கவிதை பற்றி எழுதிய கட்டுரையைக்கூட 'சயன்டிஃபிக்' கட்டுரை என்பார் போலந்துப் பேராசிரியர். ஆங்கிலத்தில் அங்கே 'அகடமிக்' அல்லது 'ஸ்காலர்லி' வேண்டும்.

இதைவிட ஆழமான ஒன்று வினைச்சொற்களில் இருக்கிறது. போலிஷில் ஏறத்தாழ ஒவ்வொரு வினையும் இரட்டையாக வரும்: ஒன்று நடந்துகொண்டிருப்பது அல்லது முயல்வது, மற்றது முடிந்துவிட்டது. 'லெச்சிச்' என்றால் வைத்தியம் பார்ப்பது. 'விலெச்சிச்' என்றால் குணமாக்கிவிடுவது. தமிழில் 'மருந்து கொடுத்துப் பார்த்தார்', 'குணமாக்கிவிட்டார்' என்று துணைவினை போட்டுச் சொல்கிறோமே, ஏறத்தாழ அதுதான். ஆங்கிலத்தில் இந்த இரட்டைக்கு வெவ்வேறு சொல்: 'ட்ரீட்', 'க்யூர்'. 'உச்சிச் ஷியெ' என்றால் படிப்பது, 'நாஉச்சிச் ஷியெ' என்றால் கற்றுமுடிப்பது: 'ஸ்டடி', 'லேர்ன்'. தேர்வு எழுதுவது 'ஸ்தவாச்', தேறுவது 'ஸ்தாச்': 'டேக்', 'பாஸ்'. போலிஷ் மனத்தில் இவை ஒரே சொல்லின் இரண்டு முகம் என்பதால், 'நேற்று முழுக்கத் தேர்வு பாஸ் பண்ணிக்கொண்டிருந்தேன்' என்றும், 'ஒரு மணி நேரம் அவரை கன்வின்ஸ் பண்ணினேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை' என்றும் ஆங்கிலத்தில் வந்துவிடுகிறது.

உங்கள் நண்பரிடம் ஒரு தாளில் அவருடைய மொழியின் இருபது வினை இரட்டைகளை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலம் ஒரே சொல்லா, இரண்டு சொல்லா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். ஒரு மாலைப்பொழுது போதும். எந்தப் பாடநூலும் செய்யாத வேலையை இது செய்யும்.

முன்னொட்டு வழியாக 'அப்', 'ஆஃப்', 'அவுட்'

இப்போது பெரிய மலை. 'கெட் ஓவர்', 'கம் அப் வித்', 'ஃபால் த்ரூ' மாதிரி வினையும் குட்டிச் சொல்லும் சேர்ந்த தொடர்கள். போலிஷ்காரர்கள் இவற்றுக்குப் பயப்படுகிறார்கள். ஆனால் இதே வேலையை அவர்கள் மொழி முன்னொட்டை வைத்து நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது.

'பீசாச்' என்றால் எழுதுவது. அதன் முன்னால் ஒவ்வொரு துண்டாக ஒட்டிப் பாருங்கள். 'ஸாபீசாச்': குறித்துக்கொள்வது, ஆங்கிலத்தில் 'ரைட் டவுன்'. 'ஒத்பீசாச்': பதில் எழுதுவது, 'ரைட் பேக்'. 'ப்ஷெபீசாச்': பார்த்து எழுதுவது, 'காப்பி அவுட்', மருத்துவர் மருந்து எழுதித் தருவதும் இதே சொல்தான். 'பொத்பீசாச்': கீழே எழுதுவது, அதாவது கையெழுத்துப் போடுவது. 'ஒபீசாச்': விவரிப்பது. என் தோழியிடம் இந்தக் குடும்பத்தை எழுதச் சொன்னபோது மூச்சுவிடாமல் ஒன்பது எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, 'இதைத்தானா ஆங்கிலத்தில் இத்தனை வருடம் பயந்தேன்?' என்றாள்.

பல முன்னொட்டுகள் ஆங்கிலக் குட்டிச் சொற்களோடு அழகாக இணைகின்றன. 'ஒத்-' என்பது பெரும்பாலும் 'ஆஃப்': 'ஒதெர்வாச்' பிய்த்தெடுப்பது, 'டேர் ஆஃப்'. 'வி-' என்பது 'அவுட்': 'விஜூச்சிச்' வெளியே எறிவது, 'த்ரோ அவுட்', 'விக்ரெஷ்லிச்' அடித்துவிடுவது, 'க்ராஸ் அவுட்'. 'ப்ஷெ-' என்பது 'ஓவர்' அல்லது 'த்ரூ': 'ப்ஷெமிஷ்லெச்' யோசித்துப் பார்ப்பது, 'திங்க் ஓவர்'. சாப்பாட்டில் உப்பைக் கூடப் போட்டாலும், காசைக் கூடக் கொடுத்தாலும் இதே 'ப்ஷெ-' தான். ஆங்கிலத்திலும் 'ஓவர்-' தான்.

ஆகவே 'கெட்' என்ற தலைப்பில் நாற்பது தொடர், 'டேக்' என்ற தலைப்பில் நாற்பது தொடர் என்று அடுக்கியிருக்கும் பட்டியல்களை ஓரமாக வையுங்கள். குட்டிச் சொல்லை வைத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் 'ஆஃப்' மட்டும். படிக்கும் இடத்தில், பார்க்கும் தொடரில் 'ஆஃப்' எங்கே வந்தாலும் பிடித்து, 'இங்கே போலிஷில் என்ன முன்னொட்டு வரும்?' என்று தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். அடுத்த வாரம் 'அவுட்'. 'அப்' கடைசியில் வரட்டும். அதுதான் ரொம்பப் படுத்தும். 'ஈட் அப்', 'யூஸ் அப்' என்று முடித்துத் தீர்ப்பதைச் சொல்லும் 'அப்' புரிந்துவிடும். 'புட் அப் வித்' எந்த முன்னொட்டோடும் பொருந்தாது. அப்படிப்பட்டவற்றை உடைக்காமல் ஒரே சொல்லாகவே கற்க வேண்டும்.

விதி உடையும் இடமும் சுவையானது. 'ப்ஷெத்ஸெனிச்' என்றால் அளவுக்கு மீறி மதிப்பிடுவது. கடையில் விலையைக் குறைத்துப் போடுவதும் அதே சொல்தான்.

சொல்லை அதன் பக்கத்து வீட்டோடு எழுதுங்கள்

தமிழில் 'கனமழை' என்கிறோம், ஆங்கிலத்திலும் மழை 'ஹெவி'. போலிஷில் மழை கொட்டுகிற மழைதான், கனம் கிடையாது. ஆங்கிலத்தில் போக்குவரத்தும் 'ஹெவி', போலிஷில் 'பெரிய' போக்குவரத்து. நிறையப் புகைப்பவர் ஆங்கிலத்தில் 'ஹெவி', போலிஷில் 'பழக்கத்துக்கு அடிமையான'. 'ஹெவி' என்ற சொல்லை அவர் ஐந்தாம் வகுப்பிலேயே படித்திருப்பார். ஆனாலும் அந்தச் சொல் அவருக்கு இன்னும் பாதிதான் தெரியும். உயர்நிலைச் சொல்வளம் என்பதில் பாதி, தெரிந்த சொல்லின் புது அண்டை வீடுகளைத் தெரிந்துகொள்வதுதான்.

குறிப்பேட்டில் தனிச் சொல் எழுதவே கூடாது என்று ஒரு விதி வையுங்கள். 'டெசிஷன்' என்று எழுதினால் பக்கத்தில் 'மேக்' இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போலிஷ் வழக்கப்படி முடிவை 'மேற்கொள்வார்', தவறை 'இழைப்பார்', புகைப்படத்தைச் 'செய்வார்'. 'அட்வைஸ்', 'ரிசர்ச்', 'இன்ஃபர்மேஷன்' மூன்றுக்கும் பன்மை கிடையாது என்பதையும் இங்கேயே எழுதிவிடட்டும். போலிஷில் மூன்றுமே பன்மையில் சாதாரணமாக வரும்.

காதால் கேட்காத சொல் பாதிச் சொல்

போலிஷில் எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம். அழுத்தமும் அநேகமாக எப்போதும் கடைசிக்கு முந்தின அசையில்தான். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்தை வாசித்தால், கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்கு அந்நியமாகிவிடும். 'ஹைபர்பலி'யை 'ஹைப்பர்போல்' என்றும், 'எபிட்டமி'யை 'எபிட்டோம்' என்றும் பல வருடம் சொல்லிவந்தவர்கள் உண்டு. போலிஷில் சொல்லின் கடைசி மெய் அதிர்வை இழந்துவிடும் என்பதால் 'ப்ரைஸ்' என்று ஒலிக்கும் விலையும், கடைசி ஒலி அதிர்ந்து வரும் பரிசும் அவர் வாயில் ஒன்றாகிவிடும். புதுச் சொல்லை எழுதும் முன் அகராதியின் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தி மூன்று முறை கேட்டு, உரக்கச் சொல்லட்டும். அப்புறம்தான் பேனாவைத் தொட வேண்டும்.

உச்சரிப்பு முழுதும் கைவரவில்லையே என்று அவர் சோர்ந்தால் ஜோசப் கான்ராடைப் பற்றிச் சொல்லுங்கள். 1857-இல் போலிஷ் குடும்பத்தில் கொஜெனியோவ்ஸ்கி என்ற பெயரோடு பிறந்தவர். கப்பல் வேலைக்கு வந்து, இருபது வயதுக்குப் பிறகுதான் ஆங்கிலம் கற்றார். ஆங்கில நாவலின் பெரிய பெயர்களில் ஒன்றாக ஆனார். பேச்சில் போலிஷ் வாடை கடைசி வரை போகவில்லை.

மறக்காமல் இருக்க, போஸ்னானிலிருந்து ஒரு வழி

போலிஷ்காரருக்கு இதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையோடு கேட்பார். இன்று உலகம் முழுக்கச் சொற்களை மனப்பாடம் செய்யப் பயன்படும் இடைவெளி விட்டுத் திருப்பும் மென்பொருள்களுக்கு முன்னோடி, போஸ்னான் நகரில் படித்த பியோத்ர் வோஸ்னியாக். 1985-இல் அவர் தாளிலேயே ஆரம்பித்தார். ஒரு பக்கத்துக்கு 40 சொல் இணைகள் எழுதி, எத்தனை நாள் கழித்துத் திருப்பினால் மறக்காமல் இருக்கிறது என்று தன்மேலேயே சோதித்தார். 1 நாள், 7 நாள், 16 நாள், 35 நாள் என்ற இடைவெளிகளுக்கு வந்து சேர்ந்தார். 1987-இல் அது 'சூப்பர்மெமோ' என்ற கணினி நிரலாயிற்று. 2006-இல் வந்த 'அன்கி' என்ற இலவசச் செயலியும் வோஸ்னியாக்கின் கணக்குமுறையை எடுத்துத்தான் தொடங்கியது.

அன்கியோ தாள் அட்டையோ, எதுவானாலும் அட்டையை எப்படி எழுதுவது என்பதுதான் முக்கியம். முன்பக்கம் 'டாலரேட்' என்ற சொல், பின்பக்கம் போலிஷ் பொருள் என்று எழுதினால் பார்த்தவுடன் புரியும், பேசும்போது வராது. என் தோழியின் அட்டை ஒன்றைச் சொல்கிறேன். முன்பக்கம் ஓர் ஆங்கில வாக்கியம்: 'மேல்மாடிச் சத்தத்தை இரண்டு வருடமாக நான் ______.' நடுவில் கோடு, கீழே சின்னதாக 'ஸ்னோஷிச்' என்ற போலிஷ் சொல், நட்பாகப் பேசுவது என்ற குறிப்பு. பின்பக்கம் 'புட் அப் வித்'. அதன்கீழே அவள் சொந்த வாழ்க்கையிலிருந்து இன்னொரு வாக்கியம். மேல்மாடிச் சத்தம் அவள் வீட்டில் நிஜமாகவே இருந்தது. அந்த அட்டை ஒருநாளும் மறக்கவில்லை.

நாளைக்கு 8 புது அட்டை, வாரத்தில் 6 நாள். வாரத்துக்கு 48, வருடத்துக்கு ஏறத்தாழ 2,500. இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். 30 அட்டை போட்டால், மூன்றாம் வாரம் திருப்ப வேண்டியது மலையாகக் குவிந்து ஆளையே விரட்டிவிடும்.

மரபுத்தொடர்களைக் கடைசியில் வையுங்கள்

எல்லாரும் ஆசையாகக் கேட்பது இதைத்தான், ஆனால் அவசரம் இல்லை. படத்தை மாற்றிக்கொள்வதுதான் வேலை. யாரிடம் சொல்லியும் பயனில்லை என்பதற்குப் போலிஷில் 'சுவரில் பட்டாணியை எறிவது', ஆங்கிலத்தில் 'செங்கல் சுவரோடு பேசுவது', நமக்குச் 'செவிடன் காதில் ஊதிய சங்கு'. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவதை அவர்கள் 'ஊசியை வைக்கோல் வாரியாக்குவது' என்பார்கள், ஆங்கிலத்தில் அகழெலி தோண்டிய மண்மேடு மலையாகிறது. மூன்று மொழியையும் பக்கத்தில் வைத்துப் பேசினால் ஒரு மாலை நேரம் போவதே தெரியாது. அவர் சொன்னதை நீங்களும் கற்றுக்கொள்வீர்கள்.

கையால் எழுதிப் பழக ஒரு பயிற்சி

பி2-க்கு அடுத்த படியான சி1-க்குக் கேம்பிரிட்ஜ் நடத்தும் தேர்வில், படித்தல் தாளின் நான்காம் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வாக்கியம் கொடுத்து, ஒரு சொல்லையும் கொடுத்து, அந்தச் சொல்லை மாற்றாமல் 3 முதல் 6 சொற்களில் அதே பொருளை மறுபடி சொல்லச் சொல்வார்கள். ஆறு கேள்விதான். தேர்வு எழுதாதவரும் இதைச் செய்யலாம். அவர் அந்த வாரம் அனுப்பிய மின்னஞ்சலிலிருந்து லத்தீன் வாசனை அடிக்கும் ஐந்து வாக்கியங்களை எடுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு குட்டிச் சொல்லைக் கட்டாயமாக வைத்து மாற்றச் சொல்லுங்கள். 'வி போஸ்ட்போன்ட்' என்று ஆரம்பித்ததை 'ஆஃப்' வைத்து, 'திஸ் இஸ் இன்டாலரபிள்' என்பதை 'அப்' வைத்து.

படிப்பதற்கு ஒரு மாதத்துக்கு ஒரே பொருள் எடுத்துக்கொள்வது நல்லது. வீடு கட்டுவது பற்றியே நாலைந்து கட்டுரை படித்தால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும், அட்டை இல்லாமலே பாதி ஒட்டிக்கொள்ளும்.

முதல் வாரம்

திங்கள்கிழமை 300 சொல் சோதனை, கோடு போட்டதை இருவரும் சேர்ந்து பார்ப்பது. செவ்வாய், போலிஷ் செய்தித்தாளில் லத்தீன் வேட்டை. புதன், அவர் உண்மையில் அடிக்கடி பயன்படுத்தும் பொய் நண்பர்கள் எட்டு மட்டும், இரட்டை வாக்கிய அட்டையில். வியாழன், இருபது வினை இரட்டைகள். வெள்ளி, 'பீசாச்' குடும்பம். அதிலிருந்து 'ஆஃப்' வாரம் தொடங்கட்டும். சனிக்கிழமை அவருடைய ஐந்து வாக்கியங்களை மாற்றி எழுதுவது. ஞாயிறு புதுச் சொல் எதுவும் வேண்டாம். பழைய அட்டைகளை உரக்கச் சொல்லித் திருப்ப இருபது நிமிடம். மாதக் கடைசியில் அதே 300 சொல் சோதனையை வேறு கட்டுரையில் வையுங்கள். இந்தத் தடவை கோடுகளை எண்ணுவதோடு, எத்தனை கோடு குட்டிச் சொற்களின் அடியில் விழுந்திருக்கிறது என்று தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.